இறங்க வந்த விமானம் ஏன் திடீரென்று மேலே ஏறுகிறது?

சில வருடங்களுக்கு முன்னால், மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம், விமானத்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சக்கரங்கள் இறங்கிய சத்தம் கேட்டு ரொம்ப நேரம் ஆகிவிட்டது, கீழே மொட்டை மாடிகளில் இருக்கும் தண்ணீர் டேங்குகளின் மூடிகூடத் தெரிகிறது, பக்கத்து இருக்கைக்காரர் போனை ஆன் பண்ணவே ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இன்ஜின் ஒரு உறுமு உறுமியது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, விமானத்தின் மூக்கு தூக்கியது, கீழே இருந்ததெல்லாம் சின்னதாகி மேகம் மூடிக்கொண்டது. ஒரு கைக்குழந்தையைத் தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், ‘பைலட்டுக்கு இறக்கத் தெரியல போலிருக்கு’ என்று தன் மனைவியிடம் சொன்னார்.

பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. இதற்குப் பெயர் கோ அரௌண்ட், அதாவது இறங்குவதை அப்படியே கைவிட்டு மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வருவது. ஓடுதளத்தில் வேறு விமானம் இருக்கலாம், காற்று மாறியிருக்கலாம், அல்லது வந்த விதமே சரியில்லாமல் இருக்கலாம். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் எரிபொருள், பத்துப் பதினைந்து நிமிடம், பயணிகளின் திட்டு, அவ்வளவுதான். இதைச் செய்ய வேண்டிய இடத்தில் செய்யாமல் விட்டதால் நடந்த விபத்துகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்ததை எடுத்துக்கொண்டு இந்த விஷயத்தை விளக்கப் பார்க்கிறேன், ஏனென்றால் ‘மனிதத் தவறு’ என்று இரண்டே வார்த்தையில் செய்தித்தாள்கள் முடித்துவிடும் ஒன்றுக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது என்பது அதில் பச்சையாகத் தெரியும். அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், வகுக்கத் தெரிந்தால் போதும்.

விமானம் இறங்குவது என்றால் உயரத்தைக் குறைப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேகத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், அதில்தான் சிக்கல். சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கும்போது மிதிக்காமலேயே வேகம் கூடுகிறதே, அதேதான் இங்கேயும். மூக்கைக் கீழே சாய்த்தால் உயரம் குறையும், ஆனால் வேகம் ஏறும். மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், ஆனால் உயரம் குறையாது. சைக்கிளிலாவது பிரேக் இருக்கிறது. நடுவானில் இருக்கும் ஜெட் விமானத்துக்கு அப்படி ஒன்று கிடையாது, இறக்கையின் மேல் எழும்பும் ஸ்பீடு பிரேக் பலகைகளும் தொங்கவிட்ட சக்கரங்களும் காற்றைத் தடுத்துக் கொஞ்சம் உதவும், அவ்வளவே. எனவே உயரத்தையும் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக, வெகு தொலைவிலிருந்தே, செலவழித்துக்கொண்டு வர வேண்டும்.

எவ்வளவு தொலைவிலிருந்து? வழக்கமான இறங்கு சரிவு 3 டிகிரி. அதாவது ஒரு கடல் மைல் தூரம் போகும்போது சுமார் 300 அடி கீழே வரலாம். இப்போது 37,000 அடியில் பறக்கும் விமானத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 37,000-ஐ 300-ஆல் வகுத்தால் 120 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல் வரும். கிலோமீட்டரில் இருநூற்று இருபதுக்கு மேல். இந்த வகுத்தலை விமானிகள் மனக்கணக்காகவே போட்டுக்கொண்டிருப்பார்கள். ‘இன்னும் இத்தனை மைல் இருக்கிறது, நான் இத்தனை அடியில் இருக்க வேண்டும்’ என்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

சரி, கடைசிக் கட்டத்துக்கு வருவோம். ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பி, சரியான சரிவில், சரியான வேகத்தில், சக்கரமும் இறக்கையின் மடிப்புப் பலகைகளும் இறங்கிய நிலையில், இன்ஜின் ஓரளவு சக்தியோடு ஓடிக்கொண்டிருக்க, சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும் போதும் என்ற நிலையில் விமானம் வந்தால், அதை ஸ்டெபிலைஸ்டு அப்ரோச் என்பார்கள். நிலைப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலை எப்போதாவது வந்தால் போதும் என்று கிடையாது. மேகமூட்டத்தில் என்றால் தரையிலிருந்து 1,000 அடி உயரம், வானம் தெளிவாக இருந்தால் 500 அடி, அதற்குள் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். அந்த உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசல் இருக்கிறது என்று கற்பனை பண்ணிக்கொள்ளலாம். வாசலைத் தாண்டும்போது ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் யோசிக்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது, ‘இன்னும் கொஞ்சம் கீழே போனால் சரியாகிவிடும்’ என்று நம்பக் கூடாது. மேலே போ. விதி அவ்வளவு எளிமையானது.

இப்போது மங்களூர். துபாயிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737-800 ரகம், 160 பயணிகள், 6 ஊழியர்கள். மங்களூர் விமான நிலையம் குன்றைச் சமப்படுத்திக் கட்டியது, ஓடுதளம் மேஜை மாதிரி, முடிகிற இடத்தில் பள்ளம். டேபிள்டாப் ரன்வே என்பார்கள். ஓடுதளத்தின் நீளம் 8,000 அடிக்குச் சற்று மேல், இந்த ரக விமானத்துக்குத் தாராளமாகப் போதும். இரண்டு விமானிகளுக்கும் அந்த இடம் பழக்கமானது. கேப்டனுக்கு 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். விமானத்தில் கோளாறு எதுவும் கிடையாது. வானிலையும் தொந்தரவு செய்யவில்லை, கட்டுப்பாட்டுக் கோபுரம் காற்றே இல்லை என்றுதான் சொன்னது.

விமானிகள் உட்காரும் காக்பிட்டில் இருக்கும் பேச்சுப் பதிவுக் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதைப் போட்டுக் கேட்டவர்களுக்கு முதல் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குக் கேப்டனின் பேச்சு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது குறட்டைச் சத்தம். துணை விமானிதான் ரேடியோவில் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்.

இதில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. மங்களூரின் ரேடார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. ரேடார் இல்லாவிட்டால் விமானங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட்டுத்தான் கட்டுப்பாட்டாளர் அனுமதி தர முடியும். துணை விமானி 130 மைல் தொலைவில் இருக்கும்போதே இறங்க அனுமதி கேட்டார். நம்முடைய மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், மனிதர் சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. அனுமதி கிடைத்தபோது 77 மைல்தான் மிச்சம், உயரமோ அதே 37,000 அடி. 120 மைல் தேவைப்படும் வேலையை 77 மைலில் முடிக்க வேண்டும்.

இதுகூட ஆபத்து கிடையாது, தொந்தரவுதான். ‘உயரம் அதிகமாக இருக்கிறது, ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வருகிறேன்’ என்று சொல்லியிருந்தால் அன்றைய நாள் சாதாரண நாளாகப் போயிருக்கும். சொல்லவில்லை. ஸ்பீடு பிரேக்கை எழுப்பினார்கள், சுமார் 8,500 அடியிலேயே சக்கரத்தை இறக்கினார்கள், அப்படியும் போதவில்லை. ஓடுதளத்துக்கு இரண்டரை மைல் இருக்கும்போது இருக்க வேண்டிய உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் இருந்தார்கள். உயரம் ரொம்ப அதிகம், ஓடுதளம் நேர் கீழே கிடக்கிறது என்று துணை விமானி சொல்கிறார். கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்துவிட்டு மூக்கைக் குத்திக் கீழே இறக்குகிறார். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 4,000 அடியை நெருங்கியது.

அந்த எண் எவ்வளவு மோசம் என்று புரிய வேண்டுமானால் இப்படிப் பாருங்கள். வழக்கமாக இறங்கும் விமானம் நிமிடத்துக்கு 700 அடி சொச்சம், அதாவது விநாடிக்கு ஒரு மாடி உயரம் கீழே வரும். 4,000 அடி என்றால் விநாடிக்கு ஆறு மாடி. தரைக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் போனாலே நிலைப்படாத வருகை என்று கணக்கு. ‘சிங்க் ரேட்’ (வேகமாக இறங்குகிறாய்), ‘புல் அப்’ (மேலே தூக்கு) என்று தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி கத்த ஆரம்பித்தது. துணை விமானி கோ அரௌண்ட் என்கிறார், நிலைப்படவில்லை என்கிறார். விசாரணை அறிக்கைப்படி மொத்தம் மூன்று முறை கோ அரௌண்ட் சொன்னார். இதற்கு நடுவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் ‘சரியான பாதைக்கு வந்துவிட்டீர்களா’ என்று கேட்க, கேப்டன் வற்புறுத்த, ஆமாம் என்று பதில் போகிறது. இறங்க அனுமதியும் கிடைக்கிறது.

ஓடுதளத்தின் ஆரம்ப விளிம்பை 50 அடி உயரத்தில், அன்றைய எடைக்கு 144 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) தாண்டியிருக்க வேண்டும். தாண்டியது 200 அடி உயரத்தில், 160 நாட்டுக்கும் மேல். 150 அடி கூடுதல்தானே என்று தோன்றும். 3 டிகிரி சரிவில் அந்த 150 அடியை இறங்கி முடிக்க ஏறக்குறைய 2,900 அடி ஓடுதளம் காலுக்குக் கீழே வீணாக ஓடிவிடும். அப்புறம் வேகம். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம், 144-க்குப் பதில் 160 என்றால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட கால்வாசி அதிகம். போதாக்குறைக்கு, வேகம் கூடுதலாக இருக்கும் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். எல்லாம் சேர்ந்து சக்கரம் தரையைத் தொட்டபோது 5,200 அடி பின்னால் போய்விட்டிருந்தது. எதிரே மிச்சம் 2,800 அடி, அதாவது 850 மீட்டர். அதற்கப்புறம் பள்ளம்.

இந்த இடத்தில்கூடக் கதை முடிந்துவிடவில்லை என்பதுதான் என்னை எப்போதும் உறுத்தும் விஷயம். தொட்ட கணத்திலிருந்தே பிரேக்கை முழுப் பலத்தில் மிதித்து, இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பிவிடும் த்ரஸ்ட் ரிவர்சரை முழுதாகப் போட்டிருந்தால் ஓடுதளத்தை ஒட்டிய கடினத் தளத்துக்குள் விமானம் நின்றிருக்க முடியும் என்று அறிக்கை சொல்கிறது. கேப்டன் ரிவர்சரைப் போட்டார், பிரேக்கும் பிடித்தார். சில விநாடிகளில் மனசை மாற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏற முயன்றார்! ரிவர்சர் போட்ட பிறகு கோ அரௌண்ட் கிடையாது என்பது விமானிகளுக்கு முதல் பாடங்களில் ஒன்று. திருப்பிவிட்ட கதவுகள் மூட வேண்டும், இன்ஜின் மறுபடி வேகம் பிடிக்க வேண்டும், அதற்கெல்லாம் நேரம் வேண்டும், ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் மூடாமல் போனால் விமானம் புரண்டுவிடும். இன்னும் ஒரு நிமிடம் முன்னால் எடுத்திருந்தால் எல்லாரையும் காப்பாற்றியிருக்கும் முடிவு, அந்த இடத்தில் பிரேக்கைக் கைவிடும் முடிவாகிவிட்டது. விமானம் ஓடுதளம் முடிந்து, மணல் படுகையைத் தாண்டி, வலது இறக்கை ஒரு ஆன்டெனாவைத் தாங்கும் கான்கிரீட் கட்டுமானத்தில் மோதி, பள்ளத்தில் விழுந்து எரிந்தது. காலை 6 மணி 5 நிமிடம். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள்.

இப்போது கேள்வி. மேலே போனால் எல்லாம் சரி என்று விதி சொல்கிறது, பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார், மெஷினும் சொல்கிறது. அப்புறம் ஏன் போகவில்லை?

முதல் விடை தூக்கக் கலக்கம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அறிக்கையிலேயே இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுசாக விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் கை கால் வேலை செய்யும், பேச்சும் வரும், ஆனால் எடைபோட்டு முடிவெடுக்கிற பகுதி மட்டும் தாமதமாகத்தான் வேலைக்கு வரும். மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்து, காலையா மாலையா என்று தெரியாமல் விழித்திருக்கிறீர்களா? அதேதான். அதிலும் அதிகாலை நேரம், உடம்பின் கடிகாரமே மனிதனைத் தூங்கு தூங்கு என்று அழுத்துகிற வேளை.

இரண்டாவது விடை நம் எல்லாருக்கும் பொதுவானது. ஒரு திட்டத்தில் முக்கால்வாசி தூரம் வந்துவிட்டால் அதைக் கைவிட மனசு வராது. கல்யாணத்துக்குப் போகும் வழியில் சாலை வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறது, முன்னால் போன பைக் பாதியில் நிற்கிறது, ஆனாலும் ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, மெதுவா போயிடலாம்’ என்று வண்டியை விடுகிறோமே, அந்தக் கோளாறு. விமானியின் கண்ணுக்கு எதிரே ஓடுதளம் கிடக்கிறது. கண்ணில் படுவதெல்லாம் அது ஒன்றுதான், காதில் விழும் எச்சரிக்கை வெறும் சத்தமாகிவிடுகிறது. இதற்கு ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது. 2007 மார்ச் 7, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா, கருடா நிறுவனத்தின் போயிங் 737. எச்சரிக்கைக் கருவி 15 முறை கத்தியும், துணை விமானி சொல்லியும், சுமார் 220 நாட் வேகத்தில் கேப்டன் இறக்கினார். 21 பேர் இறந்தார்கள்.

மூன்றாவது விடைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: பக்கத்தில் இருப்பவர் எப்படிச் சொன்னார் என்பது. மங்களூர் துணை விமானி முதல் முறை கோ அரௌண்ட் என்றபோது அது கேள்வியாகத்தான் வந்தது. நம் ஊர் அலுவலகம் எதிலும் இதைப் பார்க்கலாம். மேலதிகாரி தப்பாகக் கையெழுத்துப் போடப் போகிறார் என்றால் ‘சார், நிறுத்துங்க’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சார், இது ஒருவேளை போன மாசத்து ஃபைலா இருக்குமோ?’ என்போம். தப்பைக் கண்டுபிடிக்கிற பெருமையை அவருக்கே விட்டுக்கொடுக்கிற மரியாதை அது. அலுவலகத்தில் இதனால் ஒரு ஃபைல் கெடும். விநாடிக்கு ஆறு மாடி இறங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் மரியாதைக்கு நேரம் கிடையாது. துணை விமானி தானே கட்டுப்பாட்டை எடுத்து மேலே ஏற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். அவருக்கு எந்த இடத்தில் அந்த அதிகாரம் உண்டு என்பதைப் பற்றிய வழிமுறைகள் தெளிவில்லாமல் இருந்தன என்பதையும் அறிக்கை ஒரு துணைக் காரணமாகச் சொன்னது.

இந்தப் பிரச்சினை புதுசு இல்லை. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் இன்னும் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையோ என்று, கிளம்ப ஓட ஆரம்பித்திருந்த விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். மிக மூத்த கேப்டன், விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார், இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. அதற்கப்புறம்தான் காக்பிட்டில் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது, சின்னவர் எப்போது ‘கட்டுப்பாடு என் கையில்’ என்று சொல்லிப் பிடுங்கலாம் என்பதையெல்லாம் ஒரு பாடமாகவே வைத்தார்கள். சி.ஆர்.எம். (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) பயிற்சி என்று பெயர். இன்றைக்கு உலகம் முழுக்க விமானிகளுக்கு இது கட்டாயம்.

ஒரு சந்தேகம் வரலாம். உயரமும் வேகமும் அதிகமாக இருப்பதுதான் ஆபத்து, குறைவாக இருந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை என்று கிடையாது. 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. ஆசியானா 214, சியோலிலிருந்து வந்த போயிங் 777, 307 பேர். வேடிக்கை என்னவென்றால் இதுவும் உயரம் அதிகம் என்ற பிரச்சினையில்தான் ஆரம்பித்தது. ஓட்டியவர் 777-க்குப் புதியவர், அந்த ரகத்தில் 43 மணி நேரம்தான் ஓட்டியிருந்தார், பக்கத்தில் பயிற்றுநர். சரிவைக் காட்டும் ரேடியோ வழிகாட்டி கட்டுமான வேலை காரணமாக அன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உயரத்தைக் குறைக்கும் அவசரத்தில் ஒரு பட்டனைத் தட்டி, இன்ஜின் லிவரையும் கையால் பின்னுக்கு இழுத்தார்கள். அதோடு வேகத்தைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் ஆட்டோ த்ராட்டில் ‘நீயே பார்த்துக்கொள்’ என்று ஒதுங்கிக்கொண்டது. மெஷின் பார்த்துக்கொள்கிறது என்று மனிதர்கள் நினைத்தார்கள், மனிதர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மெஷின் விட்டுவிட்டது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை விழுந்தது. கோ அரௌண்ட் என்று வாய் சொன்னபோது ஒன்றிரண்டு விநாடிதான் மிச்சம், ஜெட் இன்ஜின் சும்மா ஓடும் நிலையிலிருந்து முழுச் சக்திக்கு வரவே அதைவிட நேரம் பிடிக்கும். வால் பகுதி கடல் தடுப்புச் சுவரில் அடித்துப் பிய்ந்துபோனது. 3 பேர் இறந்தார்கள். 500 அடி வாசலில் இன்ஜின் எந்தச் சக்தியில் ஓடுகிறது என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். நிலைப்பட்ட வருகைக்கான பட்டியலில் இன்ஜின் சக்தியையும் ஏன் சேர்த்திருக்கிறார்கள் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு பலருக்கு நினைவிருக்கும். அதே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், அதே துபாய், அதே 737-800, அதே டேபிள்டாப். கொட்டும் மழை. இங்கே கேப்டன் முதல் முறை வந்தபோது ஓடுதளம் தெரியாமல் முறைப்படி மேலே ஏறிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும், கோ அரௌண்ட் தெரியாதவர் இல்லை. இரண்டாவது முறை எதிர்ப்பக்கத்திலிருந்து, காற்று முதுகில் தள்ள, கண்ணாடி வைப்பர் சரியாக வேலை செய்யாத நிலையில் வந்து, 8,858 அடி ஓடுதளத்தின் ஏறக்குறைய பாதியில் தொட்டார். துணை விமானி கோ அரௌண்ட் சொன்னார். நடக்கவில்லை. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்பும் விமானத்தை அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டியிருந்தது, எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதலுக்கு அது ஒரு காரணம் என்று அறிக்கை சொல்கிறது. டியூட்டி பட்டியல் போட்டவர் காக்பிட்டில் இல்லை, ஆனால் அந்தப் பட்டியல் இருந்தது. ‘மனிதத் தவறு’ என்ற சொல்லில் எனக்குப் பிடிக்காதது இதுதான். கடைசியாக லிவரைத் தொட்ட கையை மட்டும் அது காட்டும்.

இத்தனைக்கும் இவர்களெல்லாம் விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை ஆராய்ந்தது. நிலைப்படாமல் வரும் விமானங்கள் மொத்தத்தில் சில சதவீதம்தான். ஆனால் அப்படி வருபவற்றில் கோ அரௌண்ட் போவது வெறும் 3 சதவீதம். மற்ற 97 சதவீதம் விதியை மீறி அப்படியே இறங்கிவிடுகின்றன, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததுதான் பிரச்சினையே. ஹெல்மெட் இல்லாமல் நூறு தடவை பத்திரமாக வீடு வந்தவனிடம் ஹெல்மெட் பற்றிப் பேசிப் பாருங்கள். இதற்காகத்தான் பல விமான நிறுவனங்கள் கோ அரௌண்ட் போனதற்காக விமானியிடம் விளக்கம் கேட்டு மடக்குவதில்லை என்று எழுதியே வைத்திருக்கின்றன. இறங்கியதற்கும் கேள்வி உண்டு: விமானத்தில் பதிவாகும் தகவல்களை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அலசி, நிலைப்படாமல் இறங்கியவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் வந்திருக்கிறது.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் விமானம் எப்போதாவது இப்படித் திரும்ப ஏறினால் என்னென்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் வயிற்றைக் கலக்காது. முதலில் இன்ஜின் சத்தம், கூடவே மூக்கு தூக்கும். அப்புறம் கீழே கடமுட என்று சக்கரம் உள்ளே போகும். ஏறி முடித்ததும் சத்தம் திடீரென்று குறையும், இன்ஜின் நின்றுவிட்டதோ என்று பயப்படுவோம், நிற்காது, குறைத்திருப்பார்கள். ஸ்பீக்கரில் ஐந்து நிமிடத்துக்கு யாரும் பேச மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடம் விமானிகளுக்குத் தலைக்கு மேல் வேலை, நமக்கு விளக்கம் சொல்வது அவர்கள் பட்டியலில் கடைசி.

அன்றைக்கும் அப்படித்தான். வெகுநேரம் கழித்து, முதல் வருகை சரியாக அமையவில்லை என்று ஒரு வரியில் சொன்னார் கேப்டன். மறுபடி சுற்றி வந்து, ஈரமான ஓடுதளத்தில் சக்கரங்களைத் தடால் என்று வைத்து, ரிவர்சர் இரைச்சலோடு சட்டென்று வேகத்தைக் குறைத்தார். ஈரத்தில் பூப்போல இறக்க நினைத்தால் விமானம் மிதந்துகொண்டே போகும், சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துகொள்ளும், அழுத்தி வைப்பதுதான் முறை என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பின்வரிசைப் பெரியவருக்கும் தெரியாது. ‘ரெண்டாவது தடவையும் ஒழுங்கா இறக்கல பாரு’ என்று எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.